பெருமை போதாது, பதிவேடு வேண்டும்

வடபுலத்துக் கடலோடிகளின் திறன் பேசப்படும் மேடைகளிலெல்லாம் ‘அன்னபூரணி’யின் பெயர் தவறாது ஒலிக்கின்றது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் பணியாற்றிய அக்கப்பல் 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அது மெய்யான சாதனை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் ஏராவுக்கு எந்த மரம் தெரியப்பட்டது, ஓடாவி எக்கணக்கைக் கைக்கொண்டார், பலகைகள் எவ்வாறு பொருத்தப்பட்டன என வினவினால் மேடைகள் மௌனிக்கின்றன. கலத்தை மறந்து புகழை மட்டும் பேணுவது மரபுப் பாதுகாப்பு ஆகாது.

கடல் மரபு என்றதும் கடலடியை மட்டும் நோக்கும் போக்கு மற்றொரு குறைபாடு. 1659இற் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பலான ‘அவொன்ட்ஸ்ரர்’ அகழாய்வு செய்யப்பட்டது. கொடவாயவில் மீனவர் கண்ட பண்டைய கப்பற் சிதைவும் ஆய்வுக்குட்பட்டது. இவை போற்றத்தக்க பணிகளே. எனினும், கடலில் மூழ்கியது தொல்பொருள், கரையிற் கிடப்பது விறகு என்னும் பாகுபாட்டுக்கு யாது நியாயம்? 1628இல் மூழ்கிய சுவீடனின் ‘வாசா’ 1961இல் ஏறக்குறைய முழுமையாக மீட்கப்பட்டதற்கு, உப்புக் குறைந்த பால்டிக் கடலில் மரந்துளைக்கும் கப்பற்புழு வாழாமையே முக்கிய காரணம். இலங்கைக் கடல் அத்தகைய கருணை காட்டுவதில்லை. மணலிற் புதையாத மரத்தை அது விட்டுவைக்காது.

வறிய நாட்டுக்குப் பழங்கலங்களைப் பேணப் பொருள் ஏது என்பர் சிலர். இவ்வாதம் இனங்காண்பதையும் பேணுவதையும் ஒன்றெனக் குழப்புகின்றது. பிரித்தானியாவின் தேசிய வரலாற்றுக் கலப் பதிவேடு, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வயது, 33 அடிக்குக் குறையாத நீளம், நாட்டு வரலாற்றோடு தொடர்பு முதலிய அளவுகோல்களைக் கொண்டது. பதிவு பெற்ற கலங்கள் அனைத்தும் அரும்பொருட்சாலைக்குச் செல்வதில்லை. எவை அரியன, எவற்றுக்கு முதலிடம் என்பதைப் பதிவேடே தெளிவுபடுத்துகின்றது. காக்க இயலாததை உடைக்குமுன் அளந்து, வரைந்து, படம்பிடித்து வைக்கலாம். இதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. இலங்கையின் பதிவேடு 33 அடி என்ற வரம்பை அப்படியே பின்பற்றவும் வேண்டியதில்லை. வள்ளமும் கட்டுமரமும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.

முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு என விதித்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் அரசு, உடைந்த கலத்துக்கும் கணக்கு வைத்தது. இன்றோ உடையாத கலத்துக்கே கணக்கில்லை.

போரும் 2004இன் ஆழிப்பேரலையும் அழித்தவை போக, எஞ்சிய மரக்கலங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துவிட்டன. மீனவரைக் குறைகூறிப் பயனில்லை. அவர்களுக்குப் பிழைப்பு முக்கியம். பதிவு செய்வது பல்கலைக்கழகங்களின் கடன். வரலாற்று மாணவரும் பொறியியல் மாணவரும் அளவு நாடாவோடு கரையோரக் கிராமங்களுக்குச் செல்லட்டும். முதிய ஓடாவிகளின் கைக்கணக்கு ஏட்டில் ஏறட்டும். அது நிகழாதவரை ‘அன்னபூரணி’ பற்றிய ஒவ்வொரு முழக்கமும் வெற்றாரவாரமே.