க்ரீம் பூச மரபணு எதற்கு?



அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அக்கா மகள் எனக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்தாள். உள்ளே பஞ்சுக்குச்சியும் ஒரு குழாயும். “சித்தி, கன்னத்தின் உள்பக்கம் தேய்த்துக் கொடுங்கள். உங்கள் மரபணுவைப் பார்த்து உங்களுக்கென்றே க்ரீம் செய்வார்கள். வயசே தெரியாது” என்றாள்.

அவள் அன்புக்குக் குறையில்லை. ஆனாலும் நான் தேய்த்துக் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தோல் முதுமையடைவதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னத்தில் ஆழமான சுருக்கங்கள். வலது கன்னம் எவ்வளவோ தேவலை. இரண்டு பக்கமும் ஒரே மரபணுதான். பட்ட வெயில்தான் வேறு.

ஆஸ்திரேலியாவில் 900-க்கும் மேற்பட்டவர்களை நாலரை ஆண்டு கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. யாருடைய மரபணுவையும் பார்த்துப் பூச்சு கொடுக்கவில்லை.

“அறிவியல் வளர்ந்துவிட்டது சித்தி” என்கிறாள். வளரட்டும். மரபணு பார்த்துச் செய்த க்ரீம், சாதாரண க்ரீமைவிட மேல் என்று நேர்மையான சோதனையில் நிரூபிக்கட்டும், அன்று யோசிக்கிறேன். இப்படி மரபணுப்படி சத்து மாத்திரையும் தோல் சீரமும் விற்ற இரண்டு நிறுவனங்கள் மீது, ஆதாரமில்லாத விளம்பரம் என்று 2014-ல் அமெரிக்க வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின. 2025-ல் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம்; மரபணுவை மாற்ற முடியுமா? என் எச்சிலில் என் அக்கா, தம்பி, பிள்ளைகள் எல்லோருடைய விவரமும் கலந்திருக்கிறது. அவர்களைக் கேட்காமல் கொடுக்க நான் யார்?

வெயிலில் குடை, காலையில் சன்ஸ்கிரீன், புகைப்பழக்கம் வேண்டாம். இவ்வளவுதான் டீச்சரின் சிபாரிசு. தோலில் நோய் என்றால் டாக்டரிடம் போங்கள்.

என் நெற்றிச் சுருக்கத்தில் பாதி, வாய்ப்பாடு ஒப்பிக்காமல் நீங்கள் போட்டது. அதை அழிக்க எனக்கு மனமில்லை!

அன்புடன்,
உங்கள் டீச்சர்