அப்பாவுக்கும் தொடர் வேண்டும்

இந்த வாரம் எனக்குக் கொண்டாட்டம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் புதிய காலைத் தொடர் ஆரம்பித்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு தடவைதான் இந்தச் சந்தோஷம் வரும். வசந்த காலத்தில் தொடங்கும் கதையை டோக்கியோ நிலையம் தயாரிக்கும்; இலையுதிர் காலத்தில் தொடங்குவதை ஒசாகா நிலையம் தயாரிக்கும். 1961இல் தொடங்கிய வரிசை இது. ஒரு நாளைக்குப் பதினைந்தே நிமிடம். திங்கள் முதல் வெள்ளி வரை கதை, சனிக்கிழமை அந்த வாரத்தின் சுருக்கம். காலையில் விட்டவர்களுக்கு மதியம் 12.45க்கு மறு ஒளிபரப்பு உண்டு. ஆறு மாதத்தில் கதை முடிந்துவிடும். எப்போது முடியும் என்பது தொடங்கும்போதே ஊருக்கெல்லாம் தெரியும்.

நான் வசிப்பது டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில். 2000ஐ ஒட்டிய கம்ப்யூட்டர் வேலைகளுக்காக வந்த நம்மவர்கள் குடியேறி, இன்று இட்லி மாவும் முருங்கைக்காயும் கிடைக்கும் இடமாகிவிட்டது. இங்கேயும் காலை எட்டேகால் ஆனால் மாடிப்படியில், குப்பை போடும் இடத்தில், சைக்கிள் ஸ்டாண்டில் ஒரே பேச்சுதான்: "இன்றைக்குப் பார்த்தீர்களா?" ஜப்பானியர்களோடு வானிலையைத் தாண்டிப் பேச எனக்குக் கிடைத்த முதல் விஷயமே இந்தத் தொடர்கள்தான். எந்த ஊர்ப் பெண், என்ன தொழில் செய்யப் போகிறாள், அந்த ஊர்ப் பேச்சு வழக்கு நடிகைக்குச் சரியாக வருகிறதா என்று முதல் வாரம் முழுக்க அலசுவார்கள். புதுக் கதாநாயகி எனக்குப் பிடித்துவிட்டாள். 

முடிவு தெரிந்த கதை என்றதும் என் பழைய ஆற்றாமையும் கூடவே வந்துவிடுகிறது. நம் ஊர்த் தொடர்கள் ஆயிரம் எபிசோடைத் தாண்டுவதைப் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். எழுதுகிறவருக்கே முடிவு தெரியாத கதையில் பாத்திரங்கள் எப்படி வளரும்? நல்லவள் திடீரென்று கெட்டவளாகிறாள், செத்தவன் திரும்பி வருகிறான், ஒரு கன்னத்து அறையை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுகிறார்கள்.   ஆறு மாதம் என்று சொல்லித் தொடங்கினால் எழுத்தாளருக்கும் மரியாதை, பார்க்கிறவருக்கும் மரியாதை.

எவ்வளவு நீளம் போனாலும் கதையின் பிடி தளராது என்று காட்டிய ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. அது 'ஓஷின்'. 1983 ஏப்ரலில் தொடங்கி 1984 மார்ச் வரை ஒரு முழு வருடம், 297 பகுதிகள். எழுதியவர் ஹாஷிதா சுகாகோ. 1983 நவம்பரில் ஒரு நாள் 62.9 சதவீதப் பார்வையாளர்களைத் தொட்டது. ஜப்பானில் எந்தத் தொலைக்காட்சி நாடகமும் இதுவரை அதைத் தாண்டவில்லை. பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது.

யமகாதா மலைப்பகுதியில் ஏழைக் குத்தகை விவசாயியின் மகள் ஓஷின். வீட்டில் அரிசி போதாமல் முள்ளங்கியை நறுக்கிப் போட்டுச் சோற்றைப் பெருக்குகிறார்கள். ஏழு வயதில் அவளைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்புகிறார்கள். கூலி ஒரு மூட்டை அரிசி. பனிக்காலத்தில் மொகாமி ஆற்றில் கட்டுமரம் போலக் கட்டைகளைப் பிணைத்த மிதவையில் ஏறிப் போகிறாள். கரையில் அப்பன் நிற்கிறான். அத்தனை நேரம் முரடனாகத் தெரிந்தவன் முகம் அந்த இடத்தில் உடைகிறது. ஹாஷிதா அந்தக் காட்சியில் யாருக்கும் நீண்ட வசனம் வைக்கவில்லை. தோழிகள் யார் ஜப்பான் வந்தாலும் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டிவிடுவேன். மொழி தெரியாதவர்களும் அழுதுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

ஓஷினுக்கு இன்னொரு பெருமை உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. 1983 அக்டோபரில் என்.எச்.கே. எழுத்து ஒளிபரப்பைச் சோதனையாகத் தொடங்கியபோது, காது கேளாதவர்களுக்காக வசனத்தைத் திரையில் எழுத்தாகத் தந்தது இந்தத் தொடருக்குத்தான். அன்றைக்கு அதைப் பார்க்கத் தனியாக ஒரு கருவி வாங்க வேண்டும். வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் நாடு முழுக்கப் பேசும் ஒரு கதை, காது கேட்காத வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ முடிவெடுத்தார்கள். அந்த முடிவுக்காகவே நான் அந்த நிறுவனத்தை மதிக்கிறேன்.

அதோடு நின்றுவிடவும் இல்லை. 1997இல் ஒளிபரப்புச் சட்டத்தைத் திருத்தி, இயன்ற வரை சப்டைட்டில் தர வேண்டும் என்று எழுதிச் சேர்த்தார்கள். சப்டைட்டில் போடக்கூடிய எல்லா நிகழ்ச்சிக்கும் 2007க்குள் போட்டுவிட வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. 2000இல் இரவு ஏழு மணிச் செய்திக்கே, குரலைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளின் உதவியோடு நேரலை சப்டைட்டில் வந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பு வந்த பிறகு தனிக் கருவியும் தேவைப்படவில்லை. இன்றைக்கு இங்கே எந்த வீட்டு ரிமோட்டை எடுத்தாலும் சப்டைட்டிலுக்கென்று ஒரு பொத்தான் இருக்கும். எங்கள் தெரு டாக்டரின் காத்திருப்பு அறையில் டி.வி. சத்தமில்லாமல் ஓடும். கீழே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். இருமுகிற கிழவரும் கைக்குழந்தைக்காரியும் செய்தியைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நான் போகும் உடோன் நூடுல்ஸ் கடை அம்மாவும் அப்படித்தான். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே காலைத் தொடரின் ஒரு வசனத்தையும் விடமாட்டார்.

அந்தச் சப்டைட்டிலை ஒரு தரம் உற்றுப் பாருங்கள் என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்வேன். முக்கியப் பாத்திரம் பேசுவது மஞ்சள் எழுத்தில் வரும். அடுத்த பாத்திரத்துக்கு இளநீலம், அதற்கடுத்து பச்சை, மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளை. ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினாலும் யார் பேசுகிறார்கள் என்பதில் குழப்பம் வராது. கதவு திறக்கும் சத்தம், தொலைபேசி மணி, வெளியே நாய் குரைப்பது எல்லாம் அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்டிருக்கும். இசை ஆரம்பித்தால் ஒரு சின்ன இசைக்குறி தோன்றும். சீனத்திலிருந்து வந்த கடினமான கஞ்சி எழுத்தின் தலைக்கு மேல் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். நான் இந்த மொழியைக் கற்றுக்கொண்டதில் பாதி அந்தப் பொடி எழுத்துகளின் புண்ணியம். காது கேளாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு, என்னைப் போல் வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

உயிர் போகும் நேரத்திலும் எழுத்துதான் கைகொடுக்கிறது. 2024 ஜனவரி 1ஆம் தேதி மாலை 4.10க்கு நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலம் அதிர்ந்தது. டோக்கியோவிலும் மெல்ல ஆடியது. டி.வி.யில் அறிவிப்பாளரின் குரல் உயர்ந்து கட்டளையாக மாறியது. கூடவே திரையில் மிகப் பெரிய எழுத்தில் சுனாமி வருகிறது, உடனே ஓடுங்கள் என்று வந்தது. அந்த வரியில் ஒரு கஞ்சி எழுத்துகூடக் கிடையாது. குழந்தைக்கும் வெளிநாட்டவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக ஹிராகனா என்ற எளிய ஒலி எழுத்தில் எழுதியிருந்தார்கள். 2011 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவில் கற்ற பாடம் அது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.  அப்பா திண்டுக்கல்லில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காது மங்கிக்கொண்டே வருகிறது. இப்போது இரண்டு காதுக்கும் கருவி வைத்திருக்கிறார். எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் நன்றாகக் கேட்கிறது. டி.வி. முன்னால் உட்கார்ந்தால்தான் துன்பம். நம் தொடர்களில் வசனத்துக்கு மேல் இசை, இசைக்கு மேல் இடி முழக்கம். கருவி எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காதில் கொட்டுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவின் பக்கம் திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன சொல்றான் அவன்?" அம்மா இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை, "சும்மா இருங்க, அடுத்த சீன் போயிருச்சு" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "எனக்கு மியூசிக் மட்டும்தாம்மா கேக்குது. நீங்க பேசுங்க, நான் பேப்பர் பாக்குறேன்" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அம்மா அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. அணைத்துவிட்டார்.

இதே அப்பா இரவில் என் தம்பியின் மடிக்கணினியில் ஆங்கிலப் படம் பார்க்கிறார். ஒரு வசனம் தவறாமல் பார்க்கிறார், காட்சிக்குக் காட்சி எனக்குக் கதை சொல்கிறார். காரணம், அதில் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தந்த மனிதர், லண்டன் துப்பறியும் கதையைப் புரிந்துகொள்கிறார். தன் தெருவில் பேசுகிற பேச்சில் எடுத்த தமிழ்த் தொடர் அவருக்குப் புரியவில்லை. ஓடிடியில் தமிழ்ப் படம் போட்டாலும் பெரும்பாலும் கீழே வருவது ஆங்கிலம். தமிழ்ப் பேச்சுக்குத் தமிழ் எழுத்து கேட்பது பெரிய கோரிக்கையா? எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் சப்டைட்டில், சைகை மொழி, ஒலி விளக்கம் ஆகியவற்றுக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான தரவிதிகளை ஒன்றிய அரசு 2019இல் வெளியிட்டது. திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிகள் 2024 மார்ச்சில் வந்தன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அப்பா வீட்டுத் திரையில் அதன் சுவடே இல்லை.

செலவு ஆகும் என்பார்கள். தொடருக்கு வசனம் எழுதிக் கொடுத்த பிறகுதான் படப்பிடிப்பே நடக்கிறது. எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. அதை நேரத்தோடு பொருத்தித் திரையில் ஏற்றுவதுதான் மிச்ச வேலை. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. பிழை திருத்த ஓர் ஆள் உட்கார்ந்தால் போதும். பிழை வரும் என்று பயந்து நிற்கவும் வேண்டாம். இங்கே நேரலைச் செய்தியில் எழுத்து சில நொடி பிந்தித்தான் வருகிறது, சில நேரம் தப்பாக வந்து திருத்தப்படுகிறது. அதற்காக யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பலன் அப்பா மாதிரியானவர்களோடு முடிந்துவிடாது. பாட்டு நிகழ்ச்சியில் பாடும் மொழியிலேயே வரிகளைக் கீழே ஓடவிட்டால், அரைகுறையாக எழுத்து தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே படிக்கப் பழகுவார்கள் என்று பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி 1990களிலிருந்து சொல்லிவருகிறார். 1999இல் குஜராத் தூர்தர்ஷனின் பாட்டு நிகழ்ச்சியில் அதைச் செய்தும் காட்டினார். பிறகு தூர்தர்ஷனின் தேசியப் பாட்டு நிகழ்ச்சியான 'சித்ரஹார்' வரை அது போனது. தமிழ்ப் பாட்டுச் சேனல்கள் நாள் முழுக்க ஓடுகின்றன. அந்த வரிகள் கீழே ஓடினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் வாசிப்புப் பயிற்சி. இங்கே நிஷி-கசாயில் வளரும் நம் பிள்ளைகள் தமிழைப் பேசுகிறார்கள், படிக்கத் திணறுகிறார்கள். அவர்களுக்கும் அதுவே வழி.

கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்களின் விகிதம் அதிகமாக இருக்கும் மாநிலம் தமிழ்நாடு. அவர்களில் பலருக்கு மாலை நேரத் துணை டி.வி. மட்டுமே. சேனல் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எல்லாத் தொடருக்கும் இப்போதே வேண்டாம். நீங்கள் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று மார்தட்டும் ஒரே ஒரு தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் போடுங்கள், மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். வாசகர்களிடமும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் காது மங்கிய பெரியவர் இருந்தால், நீங்கள் பார்க்கும் சேனலுக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தொடர், எந்த ஊர், வீட்டில் யாருக்குக் கேட்கவில்லை என்று நான்கு வரி போதும். எங்கள் அப்பா தம் கடிதத்தை எழுதி, தபால் பெட்டியில் போட்டுவிட்டார்.