ஊசி எதுக்கு? பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்!

பள்ளிக்கூடத்துக்கு நர்சு வந்தால் பிள்ளைகள் முகத்தில் ஈயாடாது. "எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா" என்பார் வாத்தியார். ஊசி போட்டு முடியும். எதுக்குப் போட்டார்கள்? பிள்ளைக்கும் தெரியாது. பல வீடுகளில் பெற்றவர்களுக்கும் தெரியாது.

2017-ல் இதுதான் வினையானது. அந்தப் பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் வேலை தமிழ்நாடு முழுவதும் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் கிளம்பியது வதந்தி! "ஊசி போட்டால் ஆபத்து" என்றார்கள். பல பெற்றோர் பயந்து மறுத்தார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய வேலை மார்ச்சுக்கும் இழுத்தது. முதலிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தால் வதந்தி இந்த அளவுக்கு எடுபட்டிருக்குமா?

சொல்வது கஷ்டமும் அல்ல. கோலியனூர் கூட்ரோட்டையே எடுத்துக் கொள்ளலாம். புதுத் திருடன் ஒருவன் அந்த வழியே போனால் போலீசுக்கு ஆள் தெரியாது. அவன் படம் முன்பே ஸ்டேஷனுக்கு வந்திருந்தால்? மடக்கி விடுவார்கள்! ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள்தான் அந்தப் போலீஸ். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் பேர் காவல் நிற்கிறார்கள். வலுவிழக்கச் செய்த கிருமியையோ, அதன் ஒரு பகுதியையோ அவர்களுக்குக் காட்டி வைப்பதுதான் தடுப்பூசி. அவர்களில் சிலர் அந்த முகத்தை வருஷக்கணக்கில் மறப்பதில்லை.

தட்டம்மை பொல்லாத திருடன். ஸ்டேஷனுக்குள்ளேயே புகுந்து பழைய படங்களைக் கிழித்துப் போடுவான்! மற்ற நோய்களைப் பற்றி உடம்பு வைத்திருக்கும் ஞாபகத்தையும் தட்டம்மை அழிக்கிறது என்று 2019-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு, தீர்ந்துது" என்று இருக்கும் வீட்டுக்கு இது தெரிய வேண்டாமா? வேப்பிலை கட்டட்டும், புத்துவாயம்மனுக்கு வேண்டிக் கொள்ளட்டும். இரண்டும் ஊசிக்குத் தடை இல்லையே!

10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி உண்டு. நர்சு வருவதற்கு முந்தின நாள் அறிவியல் வாத்தியார் ஒரு பீரியடு ஒதுக்கட்டும். "ஜுரம் வருமா சார்?" என்று பிள்ளை கேட்டால், "ஒண்ணு ரெண்டு நாள் லேசா வரலாம், கை வலிக்கலாம்" என்று உள்ளதைச் சொல்லட்டும். இதை மறைத்தால்தான் வதந்திக்குக் கால் முளைக்கிறது. கேட்ட பிள்ளை அன்று ராத்திரியே வீட்டில் போய்ச் சொல்லும். கோலியனூர் ஒன்றியத்துப் பள்ளிகளிலேயே தொடங்கலாம். காசு பணம் வேண்டாம். விழுப்புரத்தில் இருந்து கல்வி அதிகாரிகள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.