டன் என்பது எடையன்று

குளிர்சாதன யந்திரம் வாங்கச் செல்லும் குடும்பஸ்தரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, “ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?” என்பதே. யந்திரத்தின் எடையைக் கேட்கிறார் போலும் என்று மருளுவோர் உண்டு. நேயர்கள் அஞ்ச வேண்டாம். இது பனிக்கட்டியால் குளிர்ச்சி தேடிய நாட்களில் பிறந்த கணக்கு.

2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு உஷ்ணத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே நேரத்தில் அறையினின்று வெளியேற்றும் திறனே ஒரு டன். அதாவது மணிக்கு 12,000 பி.டி.யு. அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. ஆகவே இக்கணக்கு நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

டன் மிகுந்தால் யந்திரம் உயர்ந்தது என்று எண்ணிப் பணத்தை விரயம் செய்வது தகாது. சிற்றறையில் பெரிய யந்திரத்தை வைத்தால், காற்று விரைவில் குளிர்ந்து யந்திரம் அடிக்கடி நின்றுவிடக்கூடும்; காற்றிலுள்ள ஈரமோ போதிய அளவு நீங்காது. கடலோர ஊர்களில் நம்மை வாட்டுவது அந்த ஈரமே அன்றோ?

மின்சாரச் சிக்கனத்தை அறிவிப்பவை யந்திரத்தில் ஒட்டிய நட்சத்திரங்கள், டன் அன்று. ஆதலின் அறையின் நீள அகலத்தையும், அதன்மீது விழும் வெயிலையும் கணக்கிட்டுக்கொண்டு கடைக்குச் செல்வதே விவேகம் என்பது நமது அபிப்பிராயம்.