தீர்ப்புச் சொல்லும் நாற்காலி

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பாகூர்க் கடைவீதியில் ஒரு மாலை நேரம். ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்றின் அருகில் நின்று ஒருவர் ஆவேசமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். "வந்தது மழையல்ல, ஆண்டவரின் நியாயத் தீர்ப்பு!" என்றார். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நடவு நடும் கிழவி ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க, அப்ப மெத்த வீட்டுக்காரங்களுக்கெல்லாம் விடுதலை ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

எந்த வெள்ளம் என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதோடு தீரவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன், திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அந்தப் பக்கம் வீடூர் அணையும் நிரம்ப, வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி கரைபுரண்டது. தண்ணீர் எப்போதும் போலப் பள்ளத்தைத் தேடிப் போயிற்று. பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

கடவுள் உலகை ஆளுகிறார், ஒரு நாள் நியாயம் தீர்ப்பார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் ஆதாரமான நம்பிக்கை. அதை நான் பரிகசிக்க வரவில்லை. அநியாயம் ஜெயித்துக்கொண்டே இருக்கும் உலகத்தில், கடைசியாக ஒரு நீதிமன்றம் உண்டு என்று நம்புவது ஏழைக்கு எவ்வளவு பெரிய ஊன்றுகோல்! அந்த ஊன்றுகோலைப் பிடுங்கி அவன் முதுகிலேயே அடிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பிரசங்கியார் வேதத்தைத்தானே பேசுகிறார் என்பீர்கள். நானும் வெளியே நின்று அந்த வேதத்தைப் படித்தவன்தான். நோவாவின் காலத்து வெள்ளம் தண்டனை என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லையே! வெள்ளம் வடிந்ததும், இனி வெள்ளத்தைக் கொண்டு உலகை அழிப்பதில்லை என்று கடவுள் வாக்குக் கொடுத்து, வானவில்லை அதற்கு அடையாளமாக வைக்கிறார். வெள்ளத்தை எடுத்துக்கொண்டு வானவில்லை விட்டுவிடுவது என்ன நியாயம்? யோபுவின் கதையைப் பாருங்கள். 'நீ பாவம் செய்திருப்பாய். அதனால்தான் இந்தக் கஷ்டம்' என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களை. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று சொன்னவர் இயேசுவேதான். கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னாரே ஒழிய, செத்தவர்கள் மீது அவர் தீர்ப்பு எழுதவில்லை.

வில்லியனூரில் 1877இல் எழுந்த லூர்து மாதா கோவில் இருக்கிறது. அந்தக் கத்தோலிக்கரின் பழைய ஞானோபதேசம் தனித்தீர்வை, பொதுத்தீர்வை என்று இரண்டைச் சொல்லும். முன்னது மனிதன் செத்தவுடன். பின்னது உலக முடிவில். தெருத் தெருவாகத் தண்ணீர் விட்டு நடத்தும் மூன்றாவது தீர்வை ஒன்றும் அதில் கிடையாது.

பாவத்துக்குத் தக்கபடி இயற்கை உடனே அடிக்கும் என்றால், இதே புதுச்சேரியில் முதல் அடி எங்கே விழுந்திருக்க வேண்டும்? சம்பா கோவிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் பாதிரியார்கள் அதை இடித்தபோது சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்த கதையை ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தீர்வையைப் பற்றி வாரந்தோறும் கேட்டவர்கள்தாம் அவர்கள். தீர்வை என்றால் அது சுவருக்கு அந்தப் பக்கத்தாருக்கு என்று நினைத்துக்கொண்டார்கள் போலும்! அந்தச் சுவரை எந்த வெள்ளமும் வந்து இடிக்கவில்லை. மனிதர்கள் இடிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் பிரசங்கம் செய்வதில்லை. "எல்லாம் ஆண்டவன் செயல்" என்று பெருமூச்சு விடுவார்கள். அணையின் மதகைத் திறந்தது மனிதனின் கை. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பது மனிதன் எடுத்த முடிவு. வாய்க்காலைத் தூர்வாராமல் விடுவதும், ஏரி உள்வாயில் மனை போடுவதும் மனிதனின் காரியம்தான். பழியைக் கடவுள் தலையில் போட்டுவிட்டால் விசாரணை கிடையாது. அதிலுள்ள சௌகரியம் அவ்வளவுதான். கடவுளைச் சர்வ வல்லவர் என்று புகழ்வதுபோலப் புகழ்ந்து, அவரைத் தங்களுக்குப் பதிலாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் கடைசித் தீர்ப்பின் காட்சி வருகிறது. அங்கே அரசர் கேட்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்: பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், உடுக்கத் துணி. அந்த டிசம்பரில் மொட்டை மாடியில் அடுப்பு மூட்டிப் பக்கத்துத் தெருவுக்குச் சோறு கொடுத்தவன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டான். அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனாகவும் இருக்கட்டும்.

அரசர் ஒருவரே என்று நம்புகிறவர்கள் அவருடைய நாற்காலியில் ஏறி உட்காரக்கூடாது. பிரசங்கியார் கீழே இறங்கட்டும். சேறு அள்ள அந்தக் கிழவியின் வீட்டில் ஒரு மண்வெட்டி கூடுதலாகவே இருந்தது.