கல்லும் செங்கல்லும் மரமும் கூறும் உண்மை

தொல்பொருட் சின்னங்கள் எந்த இனத்துக்கு உரியவை என்ற சர்ச்சை இந்நாட்டில் அடிக்கடி கிளப்பப்பட்டு வருகின்றது. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணியொன்று நியமிக்கப்பட்டபோது, தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் அதில் இடம்பெறாமை கடும் அதிருப்தியைத் தோற்றுவித்தது. இச்சர்ச்சைக்குக் கண்டிப் பிரதேசத்தின் பழைய கட்டிடங்களே தக்க பதிலை அளிக்கின்றன.

கண்டிக்கு அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரை, நான்காம் புவனேகபாகு மன்னனின் காலத்தில், 1344 இல் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. கட்டுவித்தவர் தர்மகீர்த்தி தேரர்; தலைமைச் சிற்பியோ கணேசுவராசாரி என்ற தென்னிந்தியர். அதன் தூண்களில் திராவிடக் கோயிற்கலையின் சாயல் தெளிவாகத் தெரிகின்றது. அக்காலத்திலேயே எழுந்த லங்காதிலக விகாரை செங்கல்லால் ஆனது. அங்குள்ள பாறையில் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டுள்ளது. பௌத்த விகாரையொன்றின் செய்தியைத் தமிழில் எழுதிவைக்க அன்றைய ஆட்சியாளர் தயங்கவில்லை.

கண்டி நகரில், செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத்தூண்களுடன் விளங்கும் மகுல் மடுவவின் பணியை 1783 இல் தொடக்கியவர் ஸ்ரீ இராஜாதி இராஜசிங்கன். தலதா மாளிகையின் எண்கோண மண்டபமும் கண்டி வாவியும் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அமைத்தவை. இருவருமே தென்னிந்திய நாயக்கர் வழிவந்தோர்.

முஸ்லிம்களும் இவ்விராச்சியத்துக்கு அந்நியர்களாக இருந்ததில்லை. தவள மாடுகளில் உப்பு முதலிய பண்டங்களை மலைநாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். மன்னர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அத்தகைய மண்ணில்தான் 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் வன்முறை வெடித்தது. பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

கண்டி நகரம் 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனினும் கல்லையும் மரத்தையும் பேணிக்கொண்டு, அவற்றைச் செதுக்கிய கரங்களை மறந்துவிடுவது பாதுகாப்பு ஆகாது. கணேசுவராசாரியின் பெயரும் லங்காதிலகவின் தமிழ்க் கல்வெட்டும் மூவினத்துப் பிள்ளைகளின் பாடநூல்களிலும் உரிய இடம்பெற வேண்டும். மரபுரிமை தொடர்பான குழுக்கள் அனைத்திலும் சகல சமூகங்களுக்கும் இடமளிக்கப்படுவதும் அவசியமாகும்.

பல கரங்கள் சேர்ந்து எழுப்பியதை ஓரினத்தின் தனியுடைமை எனக் கூறுவது, அக்கட்டிடங்களுக்கே இழைக்கப்படும் அநீதி என்பதை ஆட்சியாளர்கள் உணர்ந்துகொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.