எல்.எஸ்.டி. இருந்தால் விண்டர் ரயர் வேண்டாமா?

தலைப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இது போதைப்பொருள் பற்றிய பதிவு அல்ல :-) பின்சில்லு இழுவைக் கார்கள் சிலவற்றில் இருக்கும் லிமிற்றட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் என்ற சாமானைத்தான் பெடியள் சுருக்கி எல்.எஸ்.டி. என்கிறார்கள்.

ரொறன்ரோவில் நவம்பர் பிறந்தால் கம்பஸ் கார் தரிப்பிடத்தில் இந்த வாதமும் பிறந்துவிடும். "என்ர காரில எல்.எஸ்.டி. இருக்கு மச்சான், ஸ்னோவுக்கு அது காணும்." பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் பழைய பி.எம்.டபிள்யூவோ மஸ்டா மியாற்றாவோ வாங்கியவர்கள் சொல்வது இது. எல்.எஸ்.டி. இல்லாதவர்கள் ஒன்று வாங்கிப் பூட்டப் பார்க்கிறார்கள். நான் படிப்பது வணிகம், மெக்கானிக் அல்ல. ஆனாலும் இதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு: கையில் இருக்கும் காசு முதலில் போகவேண்டியது நான்கு விண்டர் ரயருக்கு. எல்.எஸ்.டி. அதற்குப் பிறகுதான்.

முதலில் இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உள்பக்கச் சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் டிஃபரென்ஷியலின் வேலை. சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சில்லு ஐஸில் நின்றால், அது தாங்கக்கூடிய அந்தச் சிறு விசைதான் தார் றோட்டில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். ஒன்று சும்மா சுழலும், மற்றது அசையாது, கார் நின்ற இடத்தில் நிற்கும்.

எல்.எஸ்.டி. இந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தி, பிடி உள்ள சில்லுக்குக் கூடுதல் விசையை அனுப்புகிறது. சிலவற்றில் கிளச் தட்டுகள், சிலவற்றில் பற்சக்கரங்கள். ஸ்னோ மூடிய டிரைவ்வேயிலிருந்து வெளியே வர, ஒரு பக்கம் ஐஸ் படிந்த றோட்டோரத்தில் இருந்து கிளம்ப, இது உண்மையாகவே உதவும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. சுழன்று வழுக்கும் சில்லுக்குப் பக்கவாட்டுப் பிடி அநேகமாக இல்லை. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு பின்சில்லு சுழன்றாலும் மற்றது உருண்டுகொண்டே காரின் பின்பக்கத்தை நேராகப் பிடித்திருக்கும். எல்.எஸ்.டி.யில் அளவுக்கு மீறிக் கேஸ் மிதித்தால் இரண்டு பின்சில்லும் சேர்ந்து சுழலும். பிடித்திருக்க ஒன்றும் மிஞ்சாது, வால் பக்கவாட்டில் போய்விடும். அதாவது ஸ்னோவில் எல்.எஸ்.டி. காருக்கு மற்றக் காரைவிட மென்மையான வலதுகால் வேண்டும். வாங்குபவர்களில் பலர் வாங்குவதோ அதற்கு நேரெதிரான காரணத்துக்கு!

இனி முக்கியமான விசயம். எல்.எஸ்.டி. கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிறேக் பிடிக்கும்போது றோட்டைத் தொடுவது ரயர் மட்டும்தான். ஒரு சின்னக் கணக்கு: மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார், உராய்வுக் குணகம் 0.8 உள்ள காய்ந்த றோட்டில் பிறேக் பிடித்ததும் சுமார் 12 மீற்றரில் நிற்கும். இறுகிய ஸ்னோவில் குணகம் 0.25 என்று வைத்தால் 39 மீற்றர். ஐஸில் 0.1 என்றால் 98 மீற்றர். (கால் பிறேக்குக்குப் போக எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை.) அந்தத் தூரத்துக்குள் பஸ்ஸுக்கு நிற்கும் அம்மாவோ, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையோ இருக்கலாம். அவர்களுக்கு உங்கள் டிஃபரென்ஷியல் எந்த வகை என்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

"ரொறன்ரோவில் உப்புப் போட்டு வழித்துவிடுவார்கள், ஸ்னோ நாள் எத்தனை?" என்று கேட்பார்கள். விண்டர் ரயர் ஸ்னோவுக்கு மட்டும் அல்ல. வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும்போது மற்ற ரயர்களின் றப்பர் இறுகத் தொடங்கும், விண்டர் ரயரின் றப்பர் மென்மையாகவே இருக்கும். "அப்பா இருபது வருசம் ஓல் சீசனில்தான் ஓடுகிறார்" என்பது அடுத்த வாதம். தப்பியவர்களை மட்டும் எண்ணி எடுக்கும் முடிவு அது.

கியூபெக்கில் 2008 முதல் விண்டர் ரயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. அந்தச் சட்டம் எந்தச் சில்லு இழுக்கிறது என்று கேட்பதில்லை, என்ன ரயர் என்றுதான் கேட்கிறது. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் விண்டர் ரயருக்கு இன்சூரன்ஸ் கழிவு கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. எல்.எஸ்.டி.க்கு அப்படி ஒரு கழிவு இல்லை!

ஊரில் பொருளியல் படித்தவர்களுக்கு அமையச் செலவு ஞாபகம் இருக்கும். எல்.எஸ்.டி.க்குப் போகும் காசின் உண்மையான விலை, அந்தக் காசில் வாங்காமல் விட்ட ரயர். தவிர, விண்டர் ரயர் ஓடும் மாதங்களில் மற்ற ரயர் தேயாமல் ஓய்வெடுக்கும். செலவில் ஒரு பங்கு அப்படியே திரும்பி வருகிறது.

இரண்டும் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. நான்கு சில்லுக்கும் விண்டர் ரயர் போடுங்கள். பின்னுக்கு மட்டும் போட்டால் திருப்புவதும் நிற்பதும் பழைய கதைதான்.

2. மனுவல் கார் என்றால் இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். ஸ்னோவில் சடாரெனக் கியர் குறைத்தால் பின்சில்லு இறுகி வழுக்கும்.

3. வால் போனால் பிறேக்கை மிதிக்காதீர்கள். கேஸை மெதுவாக விட்டு, போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்ரியறிங்கைத் திருப்புங்கள்.

4. வழுக்கலைத் தடுக்கும் ஸ்ரெபிலிற்றி கொன்ட்றோல் கனடாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமானது 2011 செப்ரெம்பரில்தான். உங்கள் கார் அதற்கு முந்தியது என்றால் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்.எஸ்.டி. கெட்ட சாமான் அல்ல. நல்ல ரயருக்கு மேலே அது ஒரு சுகம். ரயருக்குப் பதிலாக என்றால், அது ஸ்னோவுக்குள் இன்னும் வேகமாகப் போய் மாட்டிக்கொள்ளத்தான் உதவும்.